மறுக்கத் தெரியாதவர்களுக்கு: எல்லை வகுப்பதும் அதில் நிற்பதும்

"முடியாது" என்று சொல்ல இரண்டு வினாடி போதும். வேலையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். முன்னால், வாய் தானாக "சரி" என்று உளறிவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். பின்னால், கேட்டவர் முகம் வாடுவதையும் நம் மனசு உறுத்துவதையும் சில நாள் தாங்கிக்கொள்ள வேண்டும். மறுக்கப் பழகச் சொல்பவர்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் பலர் பகலில் துணிந்து மறுத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு "பரவாயில்ல, நானே பண்ணிடறேன்" என்று மெசேஜ் போடுகிறார்கள்.

உதவும் குணத்தை யாரும் கைவிட வேண்டியதில்லை. எது உதவி, எது பயம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: மறுத்தால் அவர் துளியும் வருத்தப்பட மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால், அப்போதும் இதைச் செய்வேனா? ஆம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இல்லை என்றால், நீங்கள் கொடுத்தது உதவி இல்லை, அவர் கோபப்படாமல் இருப்பதற்கான கட்டணம்.

பழக்கம் ஏன் விடமாட்டேன் என்கிறது

ஒருவர் எதையாவது கேட்டதும் நெஞ்சில் ஒரு பதற்றம் எழுகிறது. "சரி" என்றதும் அது அடங்கிவிடுகிறது. வேண்டாத ஒன்று விலகுவதே பரிசாகி, அதை விலக்கிய செயலை வேரூன்ற வைப்பதை நடத்தை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். ஒப்புக்கொண்டதன் விலை பிறகுதான் வருகிறது: கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமை, தூக்கமில்லாத இரவு, கேட்டவர் மேல் சொல்ல முடியாத எரிச்சல். நிம்மதி உடனே கிடைக்கிறது, விலை நான்கு நாள் கழித்து வருகிறது. மூளை உடனே கிடைத்ததைத்தான் கணக்கில் வைத்துக்கொள்ளும். ஆகவே "இனி உறுதியாக இருப்பேன்" என்ற தீர்மானம் மட்டும் எதையும் மாற்றாது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு இடைவெளியை வலுக்கட்டாயமாக உண்டாக்க வேண்டும்.

இதை வெறும் கூச்சம் என்று தள்ளிவிடவும் முடியாது. மனச்சோர்வை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஆரோன் பெக், தன் மதிப்பைப் பிறர் ஒப்புதலிலேயே வைத்திருக்கும் ஆளுமைப் போக்கு மனச்சோர்வுக்கு எளிதில் இடம் கொடுக்கும் என்று 1980களில் எழுதினார்.

முதல் வாரம்: ஒன்றையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஏழு நாளைக்கு ஒரு சின்ன நோட்டிலோ போனிலோ குறித்துக்கொள்ளுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், எத்தனை வினாடியில் பதில் சொன்னீர்கள், மறுநாள் அதை நினைக்கும்போது எரிச்சல் 0 முதல் 10 வரை எவ்வளவு. கூடவே இன்னொன்றும் வேண்டும்: அவர் கேட்டாரா, நீங்களே முந்திக்கொண்டு "நான் பண்றேன்" என்றீர்களா?

இந்தக் கடைசிக் குறிப்பைப் பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். யாரும் கேட்காமலே பெருமூச்சைப் பார்த்தும் முகக்குறிப்பைப் பார்த்தும் நாமாகத் தூக்கிச் சுமந்தவை அந்தப் பட்டியலில் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருக்கும். அவற்றுக்கு மறுக்கும் கலையே தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு பத்து வினாடி பொறுத்தால் போதும், பாதி சமயம் வேறொருவர் முன்வந்துவிடுவார்.

இந்த வாரத்தில் எதையும் திருத்த முயலாதீர்கள். ஏழாம் நாள் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரும், ஒன்றிரண்டு வகைக் கோரிக்கைகளும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். எரிச்சல் 6-க்கு மேல் போன இடங்களில்தான் எல்லை வேண்டும். மற்றதை அப்படியே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சீர்திருத்தப் புறப்பட்டவர்கள் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை.

இரண்டாம் வாரம்: உடனே பதில் சொல்வதை நிறுத்துங்கள்

இந்த வாரம் மறுக்கக்கூட வேண்டாம். எந்தக் கோரிக்கைக்கும் கேட்ட இடத்திலேயே "சரி" சொல்வதில்லை, அவ்வளவுதான் விதி. எவ்வளவு தள்ளிப்போடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மெசேஜில் வந்ததற்கு ஒரு மணி நேரம். நேரில் கேட்டதற்கு அன்று மாலை வரை. பணம் சம்பந்தப்பட்டதற்கு முழுதாக ஒரு நாள். ஒரு மாதத்துக்கு மேல் நீளும் பொறுப்புக்கு மூன்று நாள். உயிர் போகிற அவசரம் மட்டும் இதில் சேராது. அப்படிப்பட்ட அவசரம் வரும்போது உங்களுக்கே தெரியும். யாரும் விளக்க வேண்டியிருக்காது.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"காலண்டரைப் பார்க்காம எதுக்கும் ஒத்துக்கறதில்ல. நாளைக்குக் காலைல சொல்றேன்."

"வீட்ல கலந்துக்கிட்டு ராத்திரி எட்டு மணிக்குள்ள மெசேஜ் போடறேன்."

அவசரப்படுத்துபவரிடம்: "இப்பவே பதில் வேணும்னா, முடியாதுங்கறதுதான் பதில். நாளைக்குன்னா யோசிச்சுச் சொல்றேன்."

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்" என்று முடிப்பது. கேட்டவர் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்; நாலு நாள் கழித்து "நீதானே சொன்ன" என்று வந்து நிற்பார். எப்போது பதில் சொல்வீர்கள் என்ற நேரம் வாக்கியத்துக்குள் இருந்தே ஆக வேண்டும், அந்த நேரத்துக்குச் சொல்லியும் ஆக வேண்டும். அவரே மறுபடி வந்து கேட்கும்படி விட்டால் இரட்டிப்புக் குற்ற உணர்ச்சியில் "சரி" என்றுதான் முடியும்.

பதிலை எழுத்தில் அனுப்புவதில் கோழைத்தனம் எதுவுமில்லை, குறைந்தபட்சம் பழகும் காலத்திலாவது. மறுப்பது எவ்வளவு கடினம் என்பது கேட்பவருக்கு உறைப்பதே இல்லை என்பதை ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெசா போன்ஸ் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது: எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்று உதவி கேட்கப்போனவர்கள் கணித்தார்களோ, அதைவிட மிக அதிகமானோர் ஒப்புக்கொண்டார்கள். 2017-ல் போன்ஸ் பங்கேற்ற இன்னோர் ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் நேரில் கேட்டதற்கு மின்னஞ்சலைவிட 34 மடங்கு பலன் கிடைத்தது. உங்களுக்குள் எழும் நெருக்கடி கேட்பவர் கண்ணுக்குத் தெரியாது, அது நேருக்கு நேர் நிற்கும்போதுதான் உச்சத்தில் இருக்கும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துபோய் முடிவெடுப்பது வெறும் சமயோசிதம்.

கிடைத்த அவகாசத்தில் இரண்டு கணக்கு போடுங்கள். முதலாவது, நாள் கணக்கு. ஆறு வாரம் தள்ளி இருக்கும் சனிக்கிழமை காலியாகத்தான் தெரியும். எதிர்காலத்தில் கைவசம் நேரம் மிஞ்சும் என்று மனிதர்கள் நம்புவதையும், பணத்தைவிட நேர விஷயத்தில் அந்த மயக்கம் கூடுதலாக இருப்பதையும் சாபர்மன், லிஞ்ச் என்ற ஆய்வாளர்கள் 2005-ல் விளக்கினார்கள். எனவே "வருகிற வியாழக்கிழமை என்றால் ஒப்புக்கொள்வேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று வந்தால் ஆறு வாரம் கழித்தும் இல்லைதான்.

இரண்டாவது, உழைப்புக் கணக்கு. 1994-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள். ஆனதோ 55 நாளுக்கு மேல். "அரை மணி நேர வேலைதானே" என்று தோன்றுவதை ஒன்றரை மடங்கு ஆக்கிப் பாருங்கள், போகவர ஆகும் நேரத்தையும் சேருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

எல்லையை எழுதும் முறை

இங்குதான் அதிகக் குழப்பம் நடக்கிறது. "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல எனக்குப் போன் பண்ணாதீங்க" என்பது எல்லை இல்லை. அது ஒரு கோரிக்கை. நிறைவேறுவதும் நிறைவேறாததும் அவர் கையில் இருக்கிறது. "ஒன்பது மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன், காலைல நானே கூப்பிடறேன்" என்பதுதான் எல்லை. அவர் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். எழுதியதும் இப்படிச் சோதியுங்கள்: இன்னொருவருடைய சம்மதமே இல்லாமல் நான் தனியாக இதை நடத்திக்காட்ட முடியுமா? முடியாவிட்டால் மாற்றி எழுதுங்கள்.

வடிவம் "இது நடந்தால், நான் இதைச் செய்வேன்" என்று இருக்கட்டும். பீட்டர் கோல்விட்சர் 1990களில் தொடங்கிச் செய்த ஆய்வுகளின்படி, வெறும் குறிக்கோளைவிட இப்படி "இன்ன நேரம், இன்ன செயல்" என்று முடிச்சுப்போட்ட திட்டங்கள் நிறைவேறும் வாய்ப்பு அதிகம். சில மாதிரிகள்:

குரலை உயர்த்திப் பேசினால், "நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பேன்.

ஆறரைக்கு மேல் ஆபீஸ் மெசேஜ் வந்தால், மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் திறப்பேன்.

முந்தைய கடனைத் திருப்பித் தராதவர் மறுபடி கடன் கேட்டால், தொகை எவ்வளவானாலும் கொடுக்க மாட்டேன்.

என் உடம்பைப் பற்றி யாராவது கேலி பேசினால், ஒருமுறை "இதைப் பத்திப் பேச வேண்டாம்" என்பேன்; மறுமுறை எழுந்து வேறிடம் போவேன்.

எல்லாவற்றிலும் ஒரு நேரமோ எண்ணிக்கையோ செயலோ இருப்பதைக் கவனியுங்கள். "கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்", "என்னையும் மதிக்க வேண்டும்" என்பனவெல்லாம் ஆசைகள். எப்போது மீறப்பட்டது என்று உங்களுக்கே தெரியாத எல்லையைக் காக்க முடியாது.

விளைவைச் சின்னதாக வையுங்கள். "இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்" என்பது கோபத்தில் இனிக்கும். ஆனால் நாலாம் நாள் பேசியாக வேண்டியிருக்கும், அன்றோடு உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். உடம்பு சரியில்லாத நாளிலும், தூக்கம் கெட்ட நாளிலும் செய்யக்கூடியது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

எளிய இடத்திலிருந்து ஏறுங்கள்

பயங்களைப் படிப்படியாகத் தணிக்கும் சிகிச்சை முறையை வகுத்த ஜோசப் வோல்ப், மனக்கலக்கத்தை 0 முதல் 100 வரை நோயாளியே மதிப்பிடும் அளவுகோல் ஒன்றையும் தந்தார். அதே அளவுகோல் இங்கே உதவும். மறுக்க வேண்டிய எட்டுப் பத்துச் சந்தர்ப்பங்களை எழுதி, நினைத்தாலே எவ்வளவு கலக்கம் என்று எண் கொடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்.

20, 30 அளவில் இருக்கக்கூடியவை: விற்பனை அழைப்பில் "வேண்டாம், வைக்கிறேன்" என்று பாதியில் துண்டிப்பது, கடையில் பத்துப் பொருளை எடுத்துக்காட்டிய பிறகும் ஒன்றும் வாங்காமல் வெளியேறுவது, கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் மாற்றித் தரச்சொல்வது. 50 அளவில்: குரூப்பில் பொதுவாகக் கேட்ட உதவிக்கு முந்திக்கொள்ளாமல் இருப்பது, சக ஊழியர் தள்ளிவிடும் வேலையைத் திருப்புவது. 80, 90 என்றால் பெரும்பாலும் அம்மா, அப்பா, துணை, நெருங்கிய நண்பர், மேலதிகாரி.

ஒவ்வொரு படியையும் இரண்டு மூன்று முறையாவது செய்து, கலக்கம் முதலில் இருந்ததில் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். படித்த வேகத்தில் நேராக 90-லிருந்து ஆரம்பிப்பதுதான் பெருந்தவறு. இருபது வருட ஆதங்கம் ஒரே மூச்சில் வெடிக்கும், வீடே திகைத்துப்போகும், நீங்கள் மன்னிப்புக் கேட்டுப் பழைய இடத்துக்கே திரும்புவீர்கள். பிறகு ஆறு மாதத்துக்கு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டீர்கள்.

வாக்கியம்

கேட்டதைக் காதில் வாங்கியதற்கு அடையாளமாகச் சில சொற்கள், பிறகு மறுப்பு, விரும்பினால் உங்களால் உண்மையிலேயே முடிந்த ஒன்று. இவ்வளவுதான் எலும்புக்கூடு. காரணம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. நீங்கள் அடுக்கும் ஒவ்வொரு காரணமும் எதிராளிக்குத் தீர்த்துவைக்க ஒரு கணக்காகத் தெரியும். "வண்டி இல்ல" என்றால் வண்டி அனுப்புவார். "அன்னிக்கு வேலை இருக்கு" என்றால் மறுநாள் கேட்பார். பொய்க் காரணம் இன்னும் மோசம். உடம்பு சரியில்லை என்று சொன்ன நாளில் வெளியே எங்கும் தலைகாட்ட முடியாது.

உடன்பிறந்தவரிடம்: "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள பார்த்துக்க முடியாது. அடுத்த சனிக்கிழமை காலைல ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்னா அனுப்புங்க."

நண்பனிடம்: "டேய், கடன் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். உனக்குன்னு இல்ல, யாருக்குமே." ஒருவரை மட்டும் மறுப்பதைவிட எல்லோருக்கும் ஒரே வழக்கம் என்று சொல்வது அவருக்கும் குத்தாது. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொருவனுக்குக் கொடுத்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

மேலதிகாரியிடம் நேரடி மறுப்பு எப்போதும் எடுபடாது. தேர்வை அவரிடமே திருப்புங்கள்: "சார், இத இப்ப எடுத்தா வியாழக்கிழமை தர வேண்டிய அறிக்கை திங்கள்கிழமைக்குப் போகும். ரெண்டுல எது முதல்ல வேணும்?" இரண்டும் வேண்டும் என்றால், "அப்ப எதை வேற யாருக்குக் குடுக்கலாம்னு சொல்லுங்க சார்." கையில் இருக்கும் வேலைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் மணிநேரமும் எழுத்தில் இருந்தால்தான் இது பலிக்கும். வெறுங்கையோடு போனால் சாக்குப்போக்கு போலக் கேட்கும்.

சம்பளம், கல்யாணம், குழந்தை என்று துருவும் பெரியவரிடம்: "அத விடுங்க மாமா. உங்க முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?" தன் உடல்நிலையைப் பற்றிக் கேட்டால் பேச மறுக்கும் பெரியவர் அபூர்வம். வயதில் மூத்தவரிடம் குரலைத் தணித்துக்கொள்ளலாம், "ங்க" சேர்த்துக்கொள்ளலாம், உட்கார்ந்து பொறுமையாகப் பேசலாம். பணிவு குரலில் எவ்வளவு இருந்தாலும் சரி, முடிவை மட்டும் அது தொடக்கூடாது.

நீக்க வேண்டியவை: "தப்பா நினைச்சுக்காதீங்க", மூன்று முறை "சாரி", கேள்வி போல இறுதியில் உயரும் குரல். "இப்போதைக்கு முடியாது" என்பதை, பின்னால் நிச்சயம் முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் பெரும்பாலான மறுப்புகள் சம்மதமாக மாறுகின்றன. வீட்டில் தனியாக ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, போனில் பதிவு செய்து கேட்டால், எங்கே குரல் கெஞ்சுகிறது என்று தெரிந்துவிடும்.

பாதி சம்மதத்தில் ஒரு பொறி உண்டு. ஃபிரீட்மனும் ஃபிரேசரும் 1966-ல் நடத்திய சோதனையில், வீட்டு முற்றத்தில் பெரிய, அசிங்கமான சாலைப் பாதுகாப்புப் பலகை வைக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. அதே கருத்துள்ள மூன்று அங்குலச் சிறு பலகைக்கு முன்பே இசைந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். ஆகவே "சின்ன விஷயம்தானே" என்று வருவதற்கு இசைந்தால், அது எங்கே முடிகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: "முதல் பக்கம் மட்டும் திருத்தித் தரேன். மீதி நீங்களே பார்த்துக்கணும்."

அவர்கள் திரும்பத் தள்ளும்போது

இதுவரை சொன்னதெல்லாம் சுலபமான பகுதி. எப்போதும் பணம் கொடுத்த இயந்திரம் ஒருநாள் கொடுக்காவிட்டால் பொத்தானை ஓங்கி ஓங்கி அழுத்துவோம் அல்லவா, மனிதர்களும் அப்படித்தான். வழக்கமாகக் கிடைத்த பலன் நின்றதும், அந்த நடத்தை குறைவதற்கு முன் சிறிது காலம் வேகமெடுக்கும். நடத்தை உளவியலில் நன்கு பதிவான நிகழ்வு இது. கேட்பது கூடும், குரல் உயரும், பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். எல்லை பலிக்கவில்லை என்று இதைத் தவறாகப் படித்துவிட்டு, சரியாக இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள்.

அதிலும் ஆபத்தானது, நான்கு முறை மறுத்துவிட்டு ஐந்தாம் முறை இணங்குவது. ஒவ்வொரு முறையும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பது நடத்தையை இன்னும் கெட்டியாக்கும் என்று ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற நடத்தை உளவியலாளர்கள் 1950களிலேயே விரிவாகப் பதிவுசெய்தார்கள். சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதர்கள் மணிக்கணக்கில் உட்காருவதும் அதனால்தான். ஐந்தாம் முறை இணங்கினால் அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது, ஐந்து முறை கேட்க வேண்டும் என்பதை. ஆகவே கறாரான விதி ஒன்று: இணங்கத்தான் போகிறீர்கள் என்று உள்ளுக்குள் தெரிந்தால் முதல் முறையே இணங்கிவிடுங்கள். மறுத்தால், அந்த விஷயத்தில் அன்று மாறக்கூடாது. புதிய தகவல் வந்தால் மாறலாம். கூடுதல் அழுத்தம் புதிய தகவல் ஆகாது.

நடைமுறையில், அதே வாக்கியத்தை அதே தொனியில் மூன்று முறை வரை சொல்லுங்கள். சொற்களை மாற்ற வேண்டாம். மாற்றினால் புது விவாதத்துக்கு வாசல் திறக்கும். தன் கருத்தைத் தயங்காமல் சொல்லப் பழக்கும், 1970களில் பரவிய உறுதிநிலைப் பயிற்சியின் அடிப்படையான உத்திகளில் இதுவும் ஒன்று. நான்காம் முறை பதில் வேண்டாம்: "இதைப் பத்தி நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். கிளம்பறேன்."

தள்ளுவது பல உருவத்தில் வரும். "உனக்காக நான் எவ்வளவு பண்ணிருக்கேன்" என்றால், "ஆமா, பண்ணிருக்கீங்க. அத நான் மறக்கல. ஆனா இது என்னால முடியாது" என்று முதல் பாதியை மனதார ஒப்புக்கொண்டு இரண்டாம் பாதியில் நில்லுங்கள். நன்றிக்கடன் உண்மையாகவே இருக்கலாம். அதை எந்த உருவத்தில் தீர்ப்பது என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. "நீ முன்ன மாதிரி இல்ல, மாறிட்ட" என்றால் வாதாடாமல் "ஆமா" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வளர இடமிருக்காது. மூன்றாம் ஆளைத் தூது அனுப்பினால்: "அவங்களே எங்கிட்ட பேசட்டும் அண்ணா, நடுவுல நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க." பேசாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், நீங்கள் வழக்கம்போல் வணக்கம் சொல்லி, வழக்கம்போல் நலம் விசாரித்து, சமாதானம் மட்டும் பேசப் போகாதீர்கள்.

குற்ற உணர்ச்சி

மறுத்த முதல் சில முறை குற்ற உணர்ச்சி வரும். அது வருவதாலேயே நீங்கள் தவறு செய்தீர்கள் என்றாகாது. பழகாத காரியத்தைச் செய்தீர்கள் என்று மட்டும் பொருள். பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள்: கொடுத்த வாக்கை மீறினேனா? பொய் சொன்னேனா? யாருக்காவது தீங்கு இழைத்தேனா? ஒன்றுக்காவது ஆம் என்றால் சரிசெய்யப் பாருங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் நடந்தது ஒரே ஒரு விஷயம், ஒருவர் ஏமாற்றம் அடைந்தார். வளர்ந்த மனிதர்கள் ஏமாற்றத்தைத் தாங்குவார்கள்.

மறுத்த உடனே, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என மூன்று வேளை அந்த உறுத்தலுக்கு 0 முதல் 100 வரை எண் போடுங்கள். நீங்கள் எதுவுமே செய்யாமல் அது இறங்குவதைக் காகிதத்தில் பார்ப்பதைப் போன்ற மருந்து வேறில்லை.

"எதுவுமே செய்யாமல்" என்பதுதான் முக்கியம். ஒரு நாள் முழுக்க அந்த விஷயத்தைப் பற்றி மெசேஜ் கிடையாது, "கோவமா இருக்கீங்களா?" என்ற விசாரிப்பு கிடையாது, நீண்ட விளக்கம் கிடையாது. இவற்றைவிடக் கெட்டது இழப்பீடு. ஒரு மணி நேர உதவியை மறுத்துவிட்டு, மனசு கேட்காமல் முழு நாள் வேலை ஒன்றைத் தானாக ஏற்றுக்கொள்வது. முதல் கோரிக்கைக்கே இசைந்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை

இவற்றை ஒரே நாளில் உதறாதீர்கள். இப்போதைய சுற்றை முடித்துக்கொடுங்கள், கடைசித் தேதியை எழுத்தில் சொல்லுங்கள், கைமாற்றத் தேவையானதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: "இந்த மாசக் கணக்கு வரைக்கும் நான் முடிச்சுத் தரேன். அடுத்த மாசத்துலேர்ந்து வேற யாராவது பார்த்துக்கணும்." மாற்று ஆளைத் தேடித்தருவது உங்கள் பொறுப்பு என்று தலையில் ஏற்றிக்கொண்டால் வெளியேறவே முடியாது.

போன்

சில எல்லைகளைப் போனின் செட்டிங்ஸிடமே ஒப்படைக்கலாம். வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குப் போய் நீல டிக்கையும் கடைசியாகப் பார்த்த நேரத்தையும் மறைத்துவிட்டால் "பார்த்துட்டும் பதில் போடல" என்ற வம்பு குறையும். நீல டிக்கை அணைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. குரூப்களில் அதை அணைக்க வழியில்லை. குரூப்பை 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று விதமாக ஒலியடக்கலாம். சத்தமான குரூப்களுக்கு மூன்றாவதே நல்லது.

எங்கே இந்த முறை பொருந்தாது

எதிரில் இருப்பவர் அடிப்பவர், மிரட்டுபவர், உங்கள் பணத்தையும் போக்குவரத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பவர் என்றால், மேலே சொன்ன வாக்கியங்களை அவரிடம் முயன்று பார்க்காதீர்கள். அங்கே உறுதியாக மறுப்பது ஆபத்தைக் கூட்டலாம். முதலில் வெளியாள் ஒருவருக்குத் தெரியப்படுத்துவது, பத்திரமான இடம், ஆவணங்கள், குடும்ப வன்முறை உதவி எண் என்று பாதுகாப்புத் திட்டம் வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எல்லோரையும் குளிர்விப்பது உயிர்பிழைக்கும் வழியாக இருந்திருக்கும். மறுக்க நினைத்தாலே உடல் உறைந்துபோகிறது, பல நாள் தூக்கம் போகிறது என்றால், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (CBT) தெரிந்த உளவியலாளரோடு சேர்ந்து இந்தப் படிகளை ஏறுவதே சரி.

எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு. மறுக்கக் கற்ற புதிதில் எல்லாவற்றுக்கும் "முடியாது" என்று முறைப்பவர்களைப் பார்க்கலாம். அதைக் கண்டுபிடிக்க நோட்டே போதும்: எரிச்சல் 2, 3 வந்திருக்கக்கூடிய கோரிக்கைகளையும் மறுத்திருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. உங்களுக்கு யாராவது மறுத்தால் என்ன செய்கிறீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். அவர் காரணம் சொல்லும்வரை விடாமல் கேட்டீர்களா, "சரி, பரவாயில்ல" என்று அத்தோடு விட்டீர்களா?

நான்கு வாரம் முடிந்ததும் முதல் வாரத்தில் செய்தது போலவே மறுபடி ஏழு நாள் எழுதுங்கள். 6-க்கு மேலிருந்த இடங்கள் குறைந்திருந்தால் ஏணியில் அடுத்த படியை எடுக்கலாம். ஒரே ஆளிடம் மட்டும் எண் அசையவே இல்லை என்றால், அவரிடம் நீங்கள் வைத்திருப்பது எல்லையா கோரிக்கையா என்று வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.